மூன்று வெள்ளைப் பெட்டிகளும் அப்பா சொன்னதும்

தம்பி,

இஞ்சை எல்லாரும் சுகம், நீயும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும். ஆகவே இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள். நீ சுகமாயிரு.

நேற்றுப் பின்னேரம் வீடியோவில் அப்பாவின் முகம் கறுத்துப்போனதும், நான் மேலே ஏறி வர எனக்குப் போன் எடுத்து, "அம்மா, நெட் போயிட்டுதா?" என்று கேட்டாய். "ஓம் தம்பி, அந்தக் கீழ்ப் பெட்டிதான் பிழைக்குது" என்றேன். பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. நீ பூட்டிவிட்டுப் போன மூன்று பெட்டியும் வெள்ளை வெளிச்சத்தோடு ஒழுங்காய் நின்றன. அப்பாதான் கையால் தட்டிவிட்டார். டாப்லெட் மேசையால் விழுந்து முகம்குப்புறக் கிடந்தது. எடுத்து நிமிர்த்த ஒரு நிமிடம் போதும். நான் நிமிர்த்தவில்லை. அதன் பின்னால் இருந்து, "ஒரே ஒரு வசனம் அப்பா, இண்டைக்கு ஒண்டு போதும்" என்று உன் குரல் வந்துகொண்டே இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று மூன்று கிழமையாய் என்னிடம் கிடக்கிறது. அப்பா உனக்குச் சொல்லச் சொன்னது. வாயால் சொன்னால் நான் அதை வெட்டிக் கொத்தி, சீனி போட்டுத்தான் சொல்வேன். என் பழக்கம் அப்படி. எழுதினால் எழுதியது எழுதியபடி நிற்கும். இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் வேறு ஆரும் வாசித்தாலும் பரவாயில்லை. ஒளித்து ஒளித்து எனக்குக் களைத்துப்போய்விட்டது.

ஆவணி மாதம் நீ வேலை செய்கிற பேர்கனில் இருந்து மூன்று நாள் லீவில் வந்தது நினைவிருக்கிறதா? அப்பாவுக்குப் படி ஏற ஏலாமல் போய், கீழே தோட்டத்துக் கதவு இருக்கிற அறைக்குக் கட்டிலை இறக்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாக்கின் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாய் வேலையை விடும், மார்கழிக்குப் பிறகு பேச்சு இருக்கும் என்று சொல்ல ஏலாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா சொல்வது போனில் உனக்கு விளங்காது. முகத்தையும் உதட்டையும் பார்த்தால் விளங்கும். ஆனால் எங்கள் மோர்டென்ஸ்ருட்டில் இந்த வரிசை வீடுகளைக் கட்டினவர்கள் தளத்துக்குத் தளம் என்ன சீமெந்தைக் கொட்டினார்களோ, கீழ் அறைக்கு இணையமும் வராது, போன் சிக்னலும் ஒரு கோடு வராது.

முதலில் நீ பக்கத்து ஹவுகெட்டோவில் ஆரிடமோ, நெட்டைத் தூரத்துக்கு இழுத்துக் கொடுக்கிற பாவித்த எக்ஸ்டெண்டர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாய். அதை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்கில் குத்தச் சொல்லி நான்தான் நின்றேன். நோயாளிக்குக் கிட்ட மருந்து இருக்க வேணும் என்பதுபோல ஒரு எண்ணம். குத்தினோம். சிவப்பு வெளிச்சம். நீ சிரித்தாய்.

"அம்மா, கேக்காத இடத்திலை கொண்டுபோய் வைச்சால் அதுக்கும்தானே கேக்காது. அரைவாசித் தூரத்திலை, இன்னும் கேக்கிற இடத்திலை வைக்க வேணும். நடுவிலை நிக்கிறவருக்குக் கேட்டால்தான் மற்றவருக்குச் சொல்லுவார்."

அப்பா கதிரையில் இருந்தபடி, இழுத்து இழுத்து, "அப்ப உன்ரை அம்மாவைப் படியிலை இருத்திவிடு. அவ நல்லாச் சொல்லுவா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் அப்பாவுக்கு இருமல் வந்து, நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

படியில் வைத்தும் அந்த எக்ஸ்டெண்டர் சரிவரவில்லை. உன் முகம் வந்தால் குரல் வராது, குரல் வந்தால் முகம் சதுரம் சதுரமாய் உடைந்து நிற்கும். அடுத்த நாள் மூன்று வெள்ளைப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாய். மெஷ் என்றாய், ஒன்று மற்றதுக்கு நெட்டைக் கைமாற்றுமாம். ஒன்றை வாசலடியில், சுவரில் இருந்து வயர் வருகிற இடத்தில். ஒன்றைப் படி வளைகிற யன்னலில். ஒன்றை அப்பாவின் அலுமாரிக்கு மேலே. மூன்றும் ஒரே அச்சு, ஒரே நிறம். எனக்குக் குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி ஒட்டினாய். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு உன் பின்னால் திரிந்தேன். வாசலில் நாலு கோடு, குசினியில் மூன்று, படியில் நாலு, அப்பாவின் தலைமாட்டில் மூன்று. கொப்பியில் எழுதி வைக்காத ஒன்றை எனக்கு நம்ப ஏலாது என்று உனக்குத் தெரியும். போகும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாய்: "அம்மா, சொல்லிப்போட்டன். ஒண்டையும் கழட்டாதேங்கோ. துடைக்கவும் வேண்டாம்."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு நீ டாப்லெட் திரையில் வந்தாய். ஆஸ்பத்திரி உடுப்போடு சிலநாள், சாப்பாட்டுக் கோப்பையோடு சிலநாள். அப்பாவிடம் கேள்வி கேட்பாய், அவர் சொல்வதைப் பதிவு செய்வாய். இந்தக் குரலைச் சேர்த்து வைத்தால் பிறகு ஒரு மெசின் அவருடைய குரலிலேயே கதைக்கும் என்று விளங்கப்படுத்தினாய். அது நல்ல யோசனை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதைச் செய்ய மனம் வந்த பிள்ளையைப் பெற்றதற்கு நான் அம்மனுக்கு விளக்கு வைக்கிறேன்.

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் பின்னேரம் நீ கேட்ட கேள்வி உனக்கு மறந்திருக்காது. "அப்பா, நான் நேர்சிங் படிக்கப் போறன் எண்டேக்கை நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை? இண்டுவரைக்கும் என்ரை வேலையைப் பற்றி ஏன் கேக்கிறேல்லை?" அப்பா திரையில் இருந்து கண்ணை எடுத்து, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "அப்பா களைச்சுப்போனார் தம்பி, நாளைக்குக் கேள்" என்றேன்.

அவர் களைக்கவில்லை. இதை இப்போது கேள். உனக்குப் பத்தொன்பது வயதில் நீ குசினியில் வந்து எனக்குத்தான் முதலில் சொன்னாய். அப்பா வேலையால் வந்ததும் நான் அவருக்குச் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: "நல்ல படிப்புத்தானே. ஆனால் என்னட்டை வந்து சொல்ல அவனுக்கு என்ன பயம்? நான் என்ன கடிக்கிறனே? வரச் சொல்லும்." நான் மேலே வந்து உனக்குச் சொன்னது: "அப்பா ஓமெண்டிட்டார். இனி அதைப் பற்றி அவரோடை கதைக்க வேண்டாம்." அந்த இரண்டாவது வசனம் என்னுடையது. இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைத்தால் எங்கே வாக்குவாதம் வந்துவிடுமோ என்று நானே சேர்த்துவிட்டேன். அப்பாவிடம் போய், "தம்பிக்கு வெக்கமாய் இருக்காம், பிறகு வாறானாம்" என்றேன். நீ பிறகு வரவே இல்லை. எப்படி வருவாய்? அப்பாவும், வேலையைப் பற்றிக் கேட்டால் உனக்கு எரிச்சல் வரும் என்று நான் சொன்னதை நம்பி, கேட்காமலே இருந்துவிட்டார். ஒரே மேசையில் சாப்பிட்டீர்கள். உப்பைத் தாங்கோ என்பதைத் தவிர மற்ற எல்லாம் என் வழியாகத்தான் போனது. சண்டை இல்லாத வீடு என்று கோயிலில் நாலு பேருக்குப் பெருமையாய்ச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை பூசைக்கு அடுக்கினேன். உன் பழைய புத்தகங்கள், என் தையல் மெசின், அப்பாவின் ஆயுதப் பெட்டி. பிறகு அந்த மூன்று வெள்ளைப் பெட்டி. இந்த வீட்டில் இப்போது அவற்றைவிட வேலை செய்கிற ஆயுதம் வேறு எது? கழட்டினேன். ஈரத்துணியால் துடைத்தேன், நீ ஒட்டின கடதாசிகள் ஊறிக்கொண்டு வந்தன, அவற்றையும் உரித்துச் சுத்தமாக்கினேன். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அம்மனுக்கு முன்னால் வரிசையாய் வைத்தேன். சாமிக்கு வைத்ததை மறுநாள் பூசை முடியும்வரை தொடக்கூடாது. பூசைக்குத்தான் கழட்டினேன், அது உண்மை. ஆனால் வயரை இழுக்கும்போது, இன்றைக்கு ஆறு மணிக்கு அந்தக் கேள்வி வராது என்று நெஞ்சில் ஒரு ஆறுதலும் வந்தது. அதுவும் உண்மை. எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் திரும்பப் பூட்டினேன். எது ஒன்று, எது இரண்டு? மூன்றும் சந்தனப் பொட்டோடு ஒரே மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றை வாசலில் வைத்தேன். செம்மஞ்சள் வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. மாற்றினால் மாற்றின பெட்டியும் அப்படியே. பத்து நிமிடம் பொறுக்க வேணும் என்று எனக்கு ஆர் சொன்னது? ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கழட்டிக் கழட்டிப் பூட்டினேன். கம்பனிக்குப் போன் எடுத்து, தொலைக்காட்சியின் கீழ் எழுத்தைப் பார்த்துப் படித்த என் அரைகுறை நொர்ஸ்க் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெடியன் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, ஆப் ஆரிடம் இருக்கிறது, கணக்கு ஆருடைய பேரில் என்றான். என் மகனின் பேரில் என்றேன். அப்படியென்றால் மகனை எடுக்கச் சொல்லுங்கோ என்றான்.

அதைத்தான் நான் செய்யவில்லை. உனக்குப் புதுவேலை. கழட்டாதே என்று நீ சொன்னதைக் கழட்டியிருக்கிறேன், துடைக்காதே என்றதைத் துடைத்திருக்கிறேன். "ரோட்டிலை கேபிள் வேலை தம்பி, இந்த வரிசைக்கே நெட் இல்லை" என்று சொன்னேன். உன் ஆப்பிலும் எல்லாம் நின்றுபோயிருந்ததால் நம்பிவிட்டாய். பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சரிவரும் என்று நினைத்தேன். கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வயரைக் குத்தினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி.

போனிலாவது பதிவு செய்து மேலே வந்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். செய்து பார்த்தேன். மூன்றாம் நாள் போனை முகத்துக்கு முன்னால் பிடித்தேன். "இதோடை என்னத்தைக் கதைக்கிறது?" என்று முகத்தைத் திருப்பினார். எட்டாம் நாள் திரும்பவும் பிடித்தேன். "நிப்பாட்டும்" என்றார். நிப்பாட்டினேன். "வைச்சிட்டு இதிலை இரும்" என்றார். இருந்தேன்.

அன்று அவர் சொன்னதைச் சொல்லி முடிக்க முக்கால் மணித்தியாலம் போனது. ஒவ்வொரு சொல்லையும் நான் திருப்பிச் சொல்ல, அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போனோம். அதனால் இதில் பிழை இல்லை. அவர் சொன்னது இது:

"அவனுக்குச் சொல்லும். குரலைச் சேர்க்க வேண்டாம். கேள்வி கேக்க வேண்டாம். நான் சொல்லைத் தேடேக்கை அவன்ரை முகம் போற போக்கை எனக்குப் பாக்கேலாமல் கிடக்கு. சும்மா இருக்கச் சொல்லும். சாப்பிட்டால் சாப்பிடட்டும். உடுப்பு மடிச்சால் மடிக்கட்டும். நான் பாத்துக்கொண்டு இருப்பன்."

பிறகு, நான் எழும்பும்போது என் கையைப் பிடித்து, "நான் சொன்ன மாதிரியே சொல்லும்" என்றார்.

பதினோராம் நாள் வித்யா வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிற சென்னைப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை. நவராத்திரிக்கு நான் கடலை கொடுத்துவிட்ட பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவள், வாசலில் பொட்டு வைத்த பெட்டியைக் கண்டுவிட்டாள்.

"என்ன ஆன்ட்டி இது, ரூட்டருக்குக் கல்யாணமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயில் கையை வைத்தாள். "எங்க வீட்லயும் ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வைப்போம் ஆன்ட்டி. ஆனா இதை யாராவது கழட்டுவாங்களா? இருக்கிற இடத்துலயே ஒரு பொட்டு வச்சு விட்ருவோம். சாமிக்கு லீவு குடுக்கலாம், வைஃபைக்குக் குடுக்க முடியுமா?"

"உங்கட ஆக்கள் கெட்டிக்காரர்தான். நாங்கள் சாமிக்கு வைச்சால் வைச்சதுதான், பிள்ளை."

"சரி, சந்தனத்தைக் காத்து போற ஓட்டையிலதான் பூசணுமா?" என்று பல்லுக் குத்துகிற குச்சியை வாங்கி நிலத்தில் குந்திக்கொண்டு கிண்டத் தொடங்கினாள். ஊசியால் ஒரு இடத்தில் குத்தினால் எல்லாம் முதலில் இருந்து தொடங்கும் என்றாள். "அதைத் தொடாதையும், தம்பி போட்டதெல்லாம் அழிஞ்சிடும்" என்று நான் கத்தின கத்தலில் குச்சியைப் போட்டுவிட்டாள். பிறகு ஒவ்வொரு பெட்டியாய் வாசல் வயரில் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் பொறுத்தாள். இரண்டாவது பெட்டி வெள்ளையாய் எரிந்தது. மற்ற இரண்டையும் படியிலும் கீழேயும் குத்தினாள். முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று ஆறு மணிக்கு உன் முகம் வந்ததும் சொல்லியிருக்க வேணும். நீ, "அப்பா! விட்ட இடத்திலையிருந்து தொடங்குவம்" என்று அவ்வளவு சந்தோசமாய்ச் சொன்னாய். அப்பா என்னைப் பார்த்தார், நான் உனக்குச் சொல்லிவிட்டேனா என்று. நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றுதான் அவர் எடுத்திருப்பார். சொல்லியும் நீ கேட்காமல் கேள்வி கேட்கிறாய் என்று இந்த மூன்று கிழமையும் உன்னை நினைத்திருப்பார்.

ஏன் சொல்லவில்லை? நீ மனம் உடைவாய் என்று பயந்தேன், அது ஒன்று. மற்றது, எனக்கும் அந்தக் குரல் வேணும். இஞ்சரும் என்று அவர் கூப்பிடுவது ஒரு மெசினுக்குள் இருந்தாவது பிறகும் வீட்டில் கேட்க வேணும் என்று ஆசைப்பட்டேன். அவர் வேண்டாம் என்றதை நான் வேணும் என்று வைத்துக்கொண்டேன். இந்த மூன்று கிழமைக்குள் அவருடைய பேச்சு போய்விட்டது. அவர் சொல்லும் சொற்களைக் குறிக்கிற என் கொப்பியில் போன வெள்ளிக்கிழமை 'தண்ணி' அரைவாசி என்று இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவரே உனக்குச் சொல்லக்கூடியதாய் இருந்த கடைசி நாட்களில் நான் பெட்டிகளைக் கழட்டி வைத்திருந்தேன். இப்போது அவர் வாயால் நீ அதைக் கேட்க வழியில்லை. நான் சொல்வதைத்தான் நீ நம்ப வேணும். இவ்வளவு காலம் மாற்றி மாற்றிச் சொன்ன என்னை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் தாய் எழுதுகிற கடிதத்தில் அது இல்லாமல் முடியாது. நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு வரும். இரண்டு பேருக்கு நடுவில் நின்று சமாதானம் பண்ணுகிற நல்ல மனுசியோ மனுசனோ அந்த வீட்டில் வேண்டாம். கத்தினாலும் நேரே கத்துங்கோ. பிள்ளை உன்னிடம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று தாயிடம் கேட்காதே, எழும்பிப் பிள்ளையின் அறைக்குப் போ.

பதிவை நிப்பாட்டு என்று நான் சொல்லவில்லை. நிப்பாட்டாதே என்றும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்பா சொன்னதை எழுதிவிட்டேன். காலையில் அம்மனுக்கு முன்னால் நின்று எது சரி என்று கேட்டேன். தேவாரம் படித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்கும். அதுவரைக்கும் நெட் இல்லை என்றே வைத்துக்கொள்ளுவோம். அப்பாவுக்கு ஒரு இரண்டு நாள் ஆறுதலாய் இருக்கட்டும். நான் அவருக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. நீ கேட்காமல் விட்டவன் இல்லை, நான்தான் சொல்லாமல் விட்டவள் என்று இன்றைக்கே கீழே போய்ச் சொல்வேன். ஏசுவதற்குக்கூட இப்போது அவரிடம் வாய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எடு. டாப்லெட்டை அவருடைய முகத்துக்கு நேரே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நான் மேலே போய்விடுவேன். ஒன்றும் கேட்காதே. மடிக்க உடுப்பு இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அம்மா